ஏழாம் அத்தியாயம்: முதலில் பின்னை எண்ணுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோவையிலிருந்து நண்பரின் தம்பி கூப்பிட்டான். குரலில் பாதி சந்தோஷம், பாதி கலக்கம்.

"அண்ணா, ஜப்பான்ல இருந்து ஹெட்போன் வந்துருச்சுங்க. ஆனா இதோட பின் எதுலயும் போக மாட்டேங்குதுங்க."

"எத்தனை பின் இருக்கு, எண்ணிச் சொல்லு."

"அஞ்சுங்க அண்ணா. வட்டமா இருக்கு."

"அப்ப நீ இன்னும் பாதிதான் வாங்கியிருக்க."

அவன் வாங்கியது ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் லாம்டா வகை ஹெட்போன். நிலைமின் ஹெட்போன், அதாவது எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன். இதைப் போனிலோ லேப்டாப்பிலோ வீட்டிலிருக்கும் சாதாரண ஹெட்போன் ஆம்பிலோ மாட்ட முடியாது. பின் மாற்றி ஒட்டுப்போட்டு மாட்டினாலும் பாடாது. இதற்கென்று தனி ஆம்ப் வேண்டும். அந்த ஆம்பைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் கடைசியில் கேட்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்கிறார்கள்: "வால்வு நல்லதா, டிரான்சிஸ்டர் நல்லதா?" அந்தக் கேள்விக்கு நாம் போய்ச் சேர இன்னும் சில பக்கங்கள் இருக்கின்றன.

உள்ளே என்ன நடக்கிறது

சாதாரண ஹெட்போனுக்குள் இருப்பது ஒரு குட்டி ஸ்பீக்கர்: காந்தம், செம்புக் கம்பிச் சுருள், அந்தச் சுருளோடு ஒட்டிய கூம்பு. நிலைமின் ஹெட்போனில் காந்தமும் கிடையாது, சுருளும் கிடையாது. ஒன்றிரண்டு மைக்ரான் தடிமனே உள்ள ஒரு பிளாஸ்டிக் சவ்வு, துளை போட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். நம் தலைமுடி ஏறத்தாழ எழுபது மைக்ரான். சவ்வு எவ்வளவு மெல்லியது என்பதை இதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஹெட்போனைக் காதோடு அழுத்தினால் சில மாடல்களில் உள்ளே பிளாஸ்டிக் பை கசங்குவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். முதல் முறை கேட்பவர்கள் உடைந்தே போய்விட்டது என்று பதறுவார்கள். அடைபட்ட காற்று சவ்வைத் தள்ளுவதால் வரும் சத்தம் அது, பயப்பட ஒன்றுமில்லை.

சவ்வின் மேல் ஒரு மெல்லிய பூச்சு உண்டு. அதில் எந்நேரமும் ஓர் உயர் வோல்ட்டேஜ் ஏறி நிற்க வேண்டும். அதற்குப் பெயர் பயாஸ். இசை சிக்னல் இரண்டு தகடுகளுக்கும் எதிரெதிர் முகமாகப் போகும். ஒரு தகடு இழுக்கும்போது மற்றது தள்ளும். சவ்வு முழுவதும் ஒரே சீராக அசைவதால்தான் இந்த ஹெட்போன்களில் அந்தத் தெளிவு வருகிறது. இதில் மயங்கியவர்கள் பழைய ஹெட்போனுக்குத் திரும்புவது அரிது.

ஆகவே ஆம்புக்கு இரண்டு வேலை. ஒன்று, சவ்வுக்குப் பயாஸ் கொடுப்பது. மற்றது, தகடுகளுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட்டில் சிக்னல் கொடுப்பது. 1960ல் எஸ்ஆர்-1 என்ற முதல் மாடலை விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டாக்ஸ், இன்றுவரை இதை ஹெட்போன் என்று சொல்வதில்லை. 'இயர்ஸ்பீக்கர்' என்றுதான் சொல்கிறது. ஆம்புக்கு அவர்கள் வைத்த பெயர் 'டிரைவர் யூனிட்'. இரண்டும் சேர்ந்துதான் ஒரு பொருள் என்பது அவர்கள் எண்ணம். நானும் அந்தக் கட்சிதான்.

230ஆ, 580ஆ

பின்னை எண்ணச் சொன்னதற்குக் காரணம் பயாஸ். ஸ்டாக்ஸின் பழைய மாடல்களுக்கு 230 வோல்ட் பயாஸ், ஆறு பின் பிளக். இதை 'நார்மல்' என்பார்கள். 1980களின் தொடக்கத்தில் 580 வோல்ட்டுக்கு மாறினார்கள். பிளக்கில் ஐந்து பின். இது 'புரோ'. நான்கு பின்கள் இரு காதுகளின் தகடுகளுக்கு, ஐந்தாவது பயாஸுக்கு. இன்று சந்தைக்கு வரும் ஸ்டாக்ஸ் எல்லாமே புரோதான். வேறு சில நிறுவனங்களும் இதே பிளக்கை ஏற்றுக்கொண்டுவிட்டன. அமெரிக்காவின் ஆடெஸி கொண்டுவந்த சிஆர்பிஎன் அவற்றில் ஒன்று.

வோல்ட்டேஜ் மட்டுமல்ல, உள்ளமைப்பும் மாறியது. தகடுக்கும் சவ்வுக்கும் இடையே நார்மலில் சுமார் 0.3 மில்லிமீட்டர், புரோவில் 0.5 மில்லிமீட்டர் இடைவெளி. அந்த 0.3 மில்லிமீட்டரில் 580 வோல்ட்டை ஏற்றினால் சவ்வு தகட்டோடு ஒட்டிக்கொள்ளலாம், பொறி பாய்ந்து ஓட்டை விழலாம். தவறு நடக்காமலிருக்க நிறுவனமே ஒரு தடுப்பு வைத்திருக்கிறது: ஆறு பின் பிளக் ஐந்து துளை சாக்கெட்டில் நுழையாது. ஐந்து பின் பிளக் ஆறு துளை சாக்கெட்டில் நுழையும், பாடவும் செய்யும். ஆனால் பயாஸ் குறைவதால் சத்தம் 8 டெசிபல் இறங்கிவிடும். கெடுதல் இல்லை, உப்பில்லாத சாப்பாடு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இந்தத் தடுப்பைத் தாண்ட அடாப்டர் விற்கிறார்கள். பழைய ஆறு பின் ஹெட்போனைப் புரோ ஆம்பில் மாட்டுவதற்கான அடாப்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

மற்ற நிறுவனங்களுக்கு வேறு கணக்கு. அமெரிக்காவின் காஸ் நிறுவனத்து இஎஸ்பி-950க்கு 600 வோல்ட் பயாஸ், பிளக்கும் வேறு. 600க்கும் 580க்கும் வித்தியாசம் சொற்பம் என்பதால், சரியாகச் செய்த அடாப்டர் வழியே அதை ஸ்டாக்ஸ் புரோ ஆம்பில் மாட்டலாம். பலர் மாட்டியும் வருகிறார்கள். இங்கிலாந்தின் வார்விக் நிறுவனத்தினுடையது கட்டமைப்பிலேயே வேறு ஜாதி. பயாஸ் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல். அவர்கள் ஆம்போடு சேர்த்துத்தான் விற்கிறார்கள். அங்கே நீங்கள் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. இந்த அத்தியாயமும் தேவையில்லை.

எத்தனை வோல்ட் போதும்

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது அதிகபட்ச வோல்ட்டேஜ். ஸ்டாக்ஸின் சிறிய ஆம்பான எஸ்ஆர்எம்-252எஸ் 280 வோல்ட் தரும். எஸ்ஆர்எம்-353எக்ஸ் 400. எஸ்ஆர்எம்-700எஸ் 450. உச்சியில் இருக்கும் எஸ்ஆர்எம்-டி8000 தருவது 470. விலை இந்த எண்களைப் போல் ஏறுவதில்லை, பாய்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஸ்டாக்ஸ் ஹெட்போன்கள் பெரும்பாலும் 100 வோல்ட்டுக்கு 100 அல்லது 101 டெசிபல் சத்தம் தருபவை. வோல்ட்டேஜ் இரட்டித்தால் 6 டெசிபல் கூடும். பத்தில் ஒன்றானால் 20 டெசிபல் குறையும். வீட்டில் நிதானமாகக் கேட்கும் 80 டெசிபலுக்கு வேண்டியது வெறும் 10 வோல்ட். தவில் அடியோ ஆர்கெஸ்ட்ராவின் உச்சமோ 100 டெசிபலைத் தொட்டால் 100 வோல்ட். 106 டெசிபலுக்கு 200. 280 வோல்ட் ஆம்ப் 109 டெசிபல் வரை போகும். அதற்கு மேல் கேட்பவருக்கு நான் ஆம்ப் சொல்வதைவிடக் காது டாக்டரைச் சொல்வது நல்லது.

இப்போது விலைப்பட்டியலை மறுபடி பாருங்கள். 280க்கும் 450க்கும் உள்ள தூரம் 4 டெசிபல். 400க்கும் 450க்கும் 1 டெசிபல். 450க்கும் 470க்கும் அரை டெசிபல்கூட இல்லை. "அது அதிக வோல்ட் தருகிறது" என்பதற்காக மட்டும் ஒரு படி மேலே போவதில் அர்த்தமில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிலைமின் ஹெட்போன்களில் ஆழமான பாஸ் சற்று மெலிந்தே இருக்கும். அதைச் சரிக்கட்ட மென்பொருளில் ஈக்வலைசர் போடுகிறோம். 30 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் ஏற்றினால், அந்த இடத்தில் ஆம்ப் இரண்டு மடங்கு வோல்ட் தர வேண்டும். ஈக்வலைசர் போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு 400 வோல்ட் ஆம்ப் ஆடம்பரமல்ல.

வால்யூம் குமிழ் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஆம்புகள் உள்ளே வரும் சிக்னலைச் சுமார் ஆயிரம் மடங்கு பெருக்குகின்றன. டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக மாற்றும் சாதாரண டிஏசி ஒன்று வெளியே தருவது 2 வோல்ட். ஆயிரத்தால் பெருக்கினால் 2,000 வோல்ட். 400 வோல்ட் ஆம்பால் அது முடியாது. 0.4 வோல்ட் உள்ளே வந்தாலே அது தன் எல்லையைத் தொட்டுவிடும். அதனால்தான் குமிழ் ஒன்பது, பத்து மணி நிலையிலேயே போதுமான சத்தம் வந்துவிடுகிறது. "பாதிகூடத் திருப்பலை, அதுக்குள்ள அதிருது, என்ன பவர் பாருங்க!" என்று பழைய ஆம்ப் விற்பவர் சொன்னால் புன்னகைத்துவிட்டு நகருங்கள். அது பவர் அல்ல, பெருக்கம். குமிழின் அடிப்பகுதியில்தான் எப்போதும் வாழப்போகிறோம் என்பதால், அங்கே இடமும் வலமும் சமமாகக் கேட்கிறதா என்று பாருங்கள். மலிவான குமிழ்களில் ஒரு காது முந்திக்கொள்ளும். டிஏசியின் வெளியீட்டைக் குறைக்க வசதி இருந்தால் 10 டெசிபல் குறைத்துவிடுங்கள். குமிழுக்கு நடமாட இடம் கிடைக்கும்.

சத்தம் வந்தால் மட்டும் போதாது

மின்னியல் கணக்கில் நிலைமின் ஹெட்போன் ஒரு கண்டென்சர். கேபிளோடு சேர்த்து ஏறத்தாழ 110 பிக்கோஃபாரட். கண்டென்சரின் குணம், அதிர்வெண் ஏற ஏற அதிக கரண்ட் கேட்பது. 10 கிலோஹெர்ட்ஸில் இந்த ஹெட்போன் 145 கிலோஓம் சுமை. 300 வோல்ட் தள்ள வேண்டுமானால் 2 மில்லிஆம்பியர். 20 கிலோஹெர்ட்ஸில் 4 மில்லிஆம்பியருக்குச் சற்று மேல். எண்கள் சிறியவைதான். ஆனால் முந்நூறு வோல்ட் ஊசலாடும் சர்க்யூட்டில் இந்தச் சின்ன கரண்ட்டைப் பிசிறில்லாமல் தருவதற்குள் பல ஆம்புகளுக்கு நாக்குத் தள்ளிவிடும்.

ஆகவே பலவீனமான ஆம்பின் அடையாளம் சத்தம் குறைவது அல்ல. சத்தம் தாராளமாகவே வரும். ஆனால் வால்யூமை ஏற்றும்போது ஜால்ராவின் மினுமினுப்பு போய்க் கரகரப்பு வரும். நாகஸ்வரம் தனியாக ஒலிக்கும்வரை நன்றாக இருக்கும். தவில் சேர்ந்ததும் இரண்டும் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு தட்டையாகிவிடும். ஸ்டாக்ஸ் எஸ்ஆர்-007 இந்த விஷயத்தில் பேர்போனது. சிறிய ஆம்பில் மாட்டினால் மந்தமாக, தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல் பாடும். அதையே கேட்டுவிட்டு "இதற்கா இத்தனை பேச்சு" என்று விற்றவர்கள் உண்டு. லாம்டா குடும்பத்து ஹெட்போன்கள் அவ்வளவு பிகு பண்ணாது.

கேபிள் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாற்காலியிலிருந்து ஆம்ப் எட்டவில்லை என்று எக்ஸ்டென்ஷன் செய்ய நினைப்பார்கள். சாதாரண ஷீல்டு வயர் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் வரை ஏற்றும். ஒரு மீட்டர் சேர்த்தால் இன்னொரு ஹெட்போனையே இணையாக மாட்டிய மாதிரி. கேபிள் எவ்வளவு பெரிய சுமை என்பதற்கு ஜெர்மனியின் சென்ஹைசர் ஓர் எடுத்துக்காட்டு. 1991ல் 300 ஜோடி மட்டும் செய்த ஆர்ஃபியஸில் ஆம்ப் வழக்கம்போலத் தனிப் பெட்டியில் இருந்தது. 2015ல் அறிவித்த அதன் வாரிசான எச்இ 1ல், வால்வுகளைப் பளிங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, கடைசிக் கட்ட ஆம்பைக் காதுக் கிண்ணத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். உயர் வோல்ட்டேஜ் சிக்னல் கேபிளில் பயணமே செய்யக் கூடாது என்பதுதான் நோக்கம். அதன் விலைக்கு நம் ஊரில் வீடு வாங்கலாம் என்பதால் மேலே பேசாமல் நகர்கிறேன்.

வால்வா, டிரான்சிஸ்டரா

வால்வு இயல்பாகவே உயர் வோல்ட்டேஜில் வேலை செய்வது. அதனால் இந்தத் துறையில் வால்வு ஒருபோதும் பழசாகவில்லை. ஸ்டாக்ஸின் எஸ்ஆர்எம்-டி1, 006டி, 007டி எல்லாம் 6எஃப்க்யூ7 என்ற வால்வை வைத்துச் செய்தவை. இந்த வகைப் பழைய வடிவமைப்பில் வால்வு தரும் கரண்ட்டில் ஒரு பங்கை உள்ளேயிருக்கும் ரெசிஸ்டர்களே தின்றுவிடும். குரலுக்கும் வயலினுக்கும் ஓர் இதம் கிடைக்கும். முன்னே சொன்ன தவில் சோதனையில் சற்றுத் திணறும்.

இந்தக் குறையைப் போக்கியவர்களில் முக்கியமானவர் கெவின் கில்மோர் என்ற அமெரிக்கர். தொழில்முறை ஆம்ப் வியாபாரி அல்லாத இவர், தன் சர்க்யூட்டுகளை யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று வெளியிட்டார். ரெசிஸ்டருக்குப் பதிலாக நிலைகரண்ட் மூலங்களை வைத்து, வீணாகும் கரண்ட்டை ஹெட்போனுக்குத் திருப்பினார். அவருடைய கேஜிஎஸ்எஸ் வரிசை முழுக்க டிரான்சிஸ்டர். புளூ ஹவாய் என்பது பாதி டிரான்சிஸ்டர், பாதி வால்வு; கடைசிக் கட்டத்தில் நான்கு இஎல்34 வால்வுகள். அமெரிக்காவின் ஹெட்ஆம்ப் நிறுவனம் இதைப் பவர் சப்ளை தனி, ஆம்ப் தனி என இரண்டு பெட்டிகளாகக் கட்டி விற்றது. எஸ்ஆர்-007 வைத்திருப்பவர்கள் இந்தப் பெயரை ஒருவித பக்தியோடு சொல்வார்கள். கேட்டிருக்கிறேன், பக்தி நியாயமானதே.

ஆனால் நம் ஊரில் இருப்பவருக்கு என் யோசனை: முதல் ஆம்ப் டிரான்சிஸ்டராக இருக்கட்டும். வால்வு ஆம்ப் ஒரு சின்ன அடுப்பு. சென்னையின் மே மாதத்தில் காதை மூடிய ஹெட்போனோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 6எஃப்க்யூ7 வால்வும் தெருமுனைக் கடையில் கிடைப்பதல்ல. ஒவ்வொரு முறையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும்.

ஸ்பீக்கர் ஆம்ப் வீட்டில் இருந்தால்

நல்ல ஸ்டீரியோ ஆம்ப் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி. ஸ்டாக்ஸின் பழைய எஸ்ஆர்டி-7 இந்த வகை. ஸ்பீக்கர் முனைகளில் இணைத்தால், உள்ளேயிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை ஏற்றித் தரும். பயாஸைப் பெட்டியே உண்டாக்கிக்கொள்ளும். 1:25 விகிதமுள்ள பெட்டி என்று வைத்துக்கொள்வோம். 8 ஓமில் 20 வாட் தரும் ஆம்ப் என்றால் 12.6 வோல்ட். இருபத்தைந்தால் பெருக்கினால் 316 வோல்ட். அதாவது ஒரு சாதாரண 20 வாட் ஆம்பே போதும். நூறு வாட் ஆம்பை மாட்டி வால்யூமைத் தெரியாமல் திருப்பினால் 700 வோல்ட். ஹெட்போனை அனுப்பி வைக்க வேண்டியதுதான்.

இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். எஸ்ஆர்டி வரிசையில் நார்மல் பயாஸ் பெட்டிகளும் உண்டு, புரோ பெட்டிகளும் உண்டு; பெயர்கள் ஒரே மாதிரி இருக்கும். இங்கும் துளையை எண்ணுங்கள். அடுத்தது, இப்போது வரும் சின்ன டிஜிட்டல் ஆம்புகள் பலவற்றில் கறுப்பு முனை எர்த் அல்ல. அதிலும் சிக்னல் ஓடும். பெட்டிக்குள் இடது, வலது கறுப்பு முனைகள் ஒன்றாக இணைந்திருந்தால் ஆம்ப் புகைந்துவிடும். ஆம்பின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்யாமல் மாட்டாதீர்கள்.

ஜப்பானிலிருந்து பழையது வாங்குவோருக்கு

நல்ல விலையில் பழைய ஸ்டாக்ஸ் ஆம்புகள் குவிந்து கிடப்பது ஜப்பானில்தான். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம்முடையது 230. பெட்டியைப் பிரித்த ஆனந்தத்தில் அடாப்டர் பிளக் போட்டு நேராகச் சுவரில் செருகியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கேட்ட முதல் ஒலியும் கடைசி ஒலியும் ஒன்றே.

அதிர்வெண்ணில் பிரச்சினை இல்லை. டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அவர்கள் கருவிகள் இரண்டுக்கும் பொருந்தும்படியே வரும். வோல்ட்டேஜுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கடையில் கேட்டால் 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து நீட்டுவார்கள். "பத்து வோல்ட்தானே சார், ஒண்ணும் ஆகாது" என்பார்கள். நம் லைனில் இரவு 245 வோல்ட் வரும்போது அந்த 110 என்பது 117 ஆகிவிடும். ஆம்புக்குள் கண்டென்சர்கள் ஏற்கெனவே தங்கள் எல்லைக்கு அருகில் வேலை செய்பவை. 230க்கு 100 என்று சொல்லிச் சுற்ற வையுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ கோவை காந்திபுரத்திலோ டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருபவர் யாரேனும் இருப்பார். இரண்டு சுற்றும் தனித்தனியாக இருக்கும் ஐசொலேஷன் வகையாகக் கேளுங்கள். ஆம்ப் எத்தனை வாட் இழுக்கிறதோ அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தாங்குவதாக இருக்கட்டும். பழைய ஆம்புகள் பலவற்றில் உள்ளேயுள்ள இணைப்புகளை மாற்றி 230க்குத் திருப்ப முடியும். தெரிந்தவர் செய்தால் அதுதான் சுத்தமான தீர்வு.

தெரிந்தவர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்தப் பெட்டிகளுக்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் தங்கியிருக்கும். பயாஸ் பின்னுக்கு முன்னால் பெரிய ரெசிஸ்டர் இருப்பதால் அங்கே கை பட்டால் சுருக்கென்று போகலாம். தகடுகளுக்குப் போகும் பின்கள் அப்படியல்ல. ஆபத்தானவை.

என் சொந்த முட்டாள்தனம் ஒன்றைச் சொல்கிறேன். முதல் ஆம்பை வாங்கிய புதிதில், பயாஸ் சரியாக வருகிறதா என்று மல்டிமீட்டரால் அளந்தேன். 580 வர வேண்டிய இடத்தில் 394. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்டி, அவரோடு கடிதப் போர் நடத்தி, ஆம்பைப் பிரித்து, நல்ல நிலையில் இருந்த கண்டென்சர்களை எல்லாம் மாற்றி, மறுபடி அளந்தேன். 394. இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது. பயாஸ் வருவது 4.7 மெகாஓம் ரெசிஸ்டர் வழியே. என் மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகாஓம். இரண்டும் வோல்ட்டேஜைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 580ஐ 14.7ஆல் வகுத்துப் பத்தால் பெருக்கினால் வருவது 394. ஆம்ப் முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்தது. விற்றவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் எழுதவில்லை.

பழைய ஆம்ப் வாங்கும்போது விற்பவரிடம் மூன்று கேள்வி போதும். கண்டென்சர்கள் எப்போது மாற்றியது? இரு தகடுகளுக்கும் இடையே டிசி வோல்ட்டேஜ் சமன் செய்யப்பட்டதா? இரண்டு காதும் ஒரே அளவில் கேட்கிறதா? மூன்றாவது கேள்விக்கு "லேசா வித்தியாசம் இருக்கு" என்று பதில் வந்தால் உடனே ஆம்பைப் பழி சொல்ல வேண்டாம். ஈரப்பதம் சவ்விலிருந்து மின்னூட்டத்தைக் கசியவிடும். ஒரு பக்கம் மட்டும் அமுங்கிப்போகும். கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் இது அடிக்கடி நடக்கும். ஹெட்போனை சிலிக்கா ஜெல் பைகளோடு ஒரு டப்பாவில் இரண்டு நாள் மூடி வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். இடமும் வலமும் மாற்றி மாட்டும்படி சிக்னல் கேபிளையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். குறை கூடவே மாறினால் தவறு முன்னால் இருக்கிறது. மாறாமல் அதே காதில் நின்றால் ஆம்பிலோ ஹெட்போனிலோ இருக்கிறது.

கேட்டுப் பார்க்கும்போது

இரண்டு ஆம்புகளை ஒப்பிடும் வாய்ப்புக் கிடைத்தால், முதலில் இரண்டின் சத்தத்தையும் சமமாக்குங்கள். ஒரு டெசிபல் கூடுதலாகப் பாடும் ஆம்ப், கேட்பவர் யாராக இருந்தாலும், "உயிரோட்டமாக" இருப்பதாகவே தோன்றும். போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, காதுக் கிண்ணத்தின் நடுவே மைக்கை வைத்து, ஒரே தொடர் ஒலியை இரண்டிலும் ஓட்டிச் சமன் செய்யலாம். அதன் பிறகு, உங்களுக்கு மனப்பாடமான கச்சேரிப் பதிவு ஒன்றின் தனி ஆவர்த்தனத்தைப் போடுங்கள். கஞ்சிராவின் குமுறலும் மிருதங்கத்தின் வலந்தலையும் ஒரே நேரத்தில் வரும் இடத்தில், பின்னால் தம்புரா தொடர்ந்து கேட்கிறதா என்று கவனியுங்கள். நல்ல ஆம்பில் தம்புரா ஒரு கணமும் அறுபடாது. மிதமான வால்யூமில் பெரும்பாலான ஆம்புகள் ஒன்றுபோலவே இருக்கும் என்பதையும் அப்போது கண்டுபிடிப்பீர்கள். அதைச் சொல்ல வியாபாரிகளுக்கு மனம் வராது.

டிஏசியும் ஆம்பும் ஒரே பெட்டியில் வரும் மாடல்கள் உண்டு. ஸ்டாக்ஸின் எஸ்ஆர்எம்-டி50 அப்படிப்பட்டது. மேசையில் இடம் மிச்சம். ஆனால் டிஏசி பத்து வருடத்தில் பழசாகும், ஆம்ப் முப்பது வருடம் ஓடும். நான் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறேன்.

இன்று வாங்குவதானால் என் வரிசை இது. லாம்டா வகை ஹெட்போன், அளவான வால்யூம் என்றால் எஸ்ஆர்எம்-252எஸ் போதும், கூச்சப்பட வேண்டாம். ஈக்வலைசர் போடுபவர்கள் 400 வோல்ட் டிரான்சிஸ்டர் ஆம்புக்குப் போங்கள். சீனாவின் டாப்பிங் இஎச்ஏ5 போன்ற சின்னப் பெட்டிகளும் புரோ பிளக்கோடு வந்துவிட்டன. ஸ்டாக்ஸ் விலையைப் பார்த்து மலைத்தவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். எஸ்ஆர்-007 வைத்திருப்பவர்கள் காசைச் சேர்த்துக்கொண்டு, கில்மோர் வடிவமைப்பில் நம்பகமான ஒருவர் கட்டிய பழைய ஆம்ப் கிடைக்கும்வரை பொறுங்கள். நடுவில் ஏதாவது ஒன்றை வாங்கி விற்று நஷ்டப்படாதீர்கள்.

கோவைத் தம்பி கடைசியில் வாங்கியது, 230 வோல்ட்டுக்கு மாற்றிய ஒரு பழைய எஸ்ஆர்எம்-353எக்ஸ். எட்டு மாதம் ஆகிறது. குமிழ் இன்னும் பத்து மணியைத் தாண்டவில்லையாம்.